‘உங்கள் கடன் ஒப்புதல் ஆகிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது, நம்பலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறீர்கள். இரண்டு ஓவர்லாக் மிஷின் வாங்கப் பணம் தேவை. பெயர் கேள்விப்பட்ட ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் வந்திருக்கிறது: 5 லட்சம் ரூபாய் பர்சனல் லோன், வருடத்துக்கு 2 சதவீத வட்டி, 60 மாதம், மாதத் தவணை 8,500 ரூபாய். கூடவே முத்திரை குத்திய சாங்ஷன் லெட்டர். ஃபைல் சார்ஜ் 2,850 ரூபாய் கட்டினால் 24 மணி நேரத்தில் பணம் கணக்கில் ஏறிவிடும், அந்த 2,850-ஐயும் முதல் தவணையில் கழித்துக்கொள்வார்களாம். எழுத்துப்பிழை இல்லை, உங்கள் பான் எண் சரியாக இருக்கிறது, அதனால்தான் குழப்பம். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “2,850தானே, போனால் போகட்டும், கட்டிப் பார்க்கலாமா?” என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். கட்டாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதே மாதிரி மின்னஞ்சல் வந்த மற்றவர்களுக்கும் உதவும்.

நான் ஒரு வங்கியின் கிளைகளில் கடன் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். கடைசிக் காலத்தில் வாடிக்கையாளர் புகார்களும் என் மேசைக்கே வந்தன. சைபர் கிரைம் போலீஸ் அல்ல, கம்ப்யூட்டர் நிபுணரும் அல்ல. அதனால் இதை அனுப்பியவன் யார், எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறான் என்றெல்லாம் என்னிடம் கேட்டால் பதில் கிடையாது. ஒரு கடன் எப்படிப் பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது என்பது தெரியும். இந்த வகை மோசடியைப் பிடிக்கப் பெரும்பாலும் அதுவே போதும்.

கடன் கொடுப்பவருக்கு ஒரே கவலைதான்: கொடுத்தது திரும்பி வருமா? ஒரு விண்ணப்பம் வந்தால் நாங்கள் கேட்கிற கேள்விகளில் பாதி பேருக்கு எரிச்சலே வந்துவிடும். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கொண்டு வாருங்கள், வருமான வரி ரிட்டர்ன் எங்கே, இருக்கிற வீடு சொந்தமா வாடகையா, வேறு எங்கே கடன் ஓடுகிறது, போன வருஷம் மூன்று தவணை ஏன் தாமதமாயிற்று என்று நீண்டுகொண்டே போகும். சிபில் ஸ்கோர், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண் பார்ப்போம். தொழில் கடன் என்றால் ஒருவர் கடைக்கே நேரில் வருவார், மிஷின் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்து டீக்கடையில் “இவர் எத்தனை வருஷமா இங்க இருக்கார்?” என்று பேச்சுவாக்கில் விசாரித்துவிட்டுப் போவார். இவ்வளவுக்கும் பிறகு கேட்டது 5 லட்சமாக இருந்தால் மூன்று லட்சம் சாங்ஷன் ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

உங்களுக்கு வந்த மின்னஞ்சலை இந்தக் கண்ணோடு இன்னொரு முறை படியுங்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு 5 லட்சத்தைத் தூக்கிக் கொடுக்கப்போகிறவர், உங்கள் மாத வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. சிபில் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஜாமீன் வேண்டாம் என்கிறார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: 2,850 ரூபாய் எப்போது வரும்? கடன் திரும்பி வராமல் போகுமோ என்ற பயம் துளிகூட இல்லாதவர் கடன் கொடுப்பவர் இல்லை. எழுத்துப்பிழை, முத்திரை, மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும்விட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இங்கே பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ‘ப்ரீ அப்ரூவ்டு லோன்’ என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது. உங்கள் சம்பளமோ வியாபார வரவோ வருடக்கணக்கில் எந்த வங்கியின் வழியாகப் போய்வருகிறதோ, அந்த வங்கி எதுவும் கேட்காமலே கடன் தருவதாகச் சொல்லும். அவர்கள் கேட்காததற்குக் காரணம், உங்கள் கணக்கு ஏற்கெனவே அவர்கள் கையில் இருப்பதுதான். அப்படி ஒரு சலுகை உண்மையாக இருந்தால், மின்னஞ்சலைத் தொடவே வேண்டாம். அந்த வங்கியின் ஆப்பிலோ நெட்பேங்கிங்கிலோ நீங்களாக உள்ளே போனால் அங்கேயே அது தெரியும். உங்களுக்கு வந்தது நீங்கள் கணக்கே வைத்திராத நிறுவனத்திடமிருந்து.

அடுத்து, அந்த 8,500 ரூபாய்த் தவணை. அதில் நிறைய விஷயம் ஒளிந்திருக்கிறது. 5 லட்சத்தை 2 சதவீத வட்டிக்கு, வங்கிகள் கணக்கிடும் முறையில், அதாவது குறையும் அசலுக்கு வட்டி போட்டு 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதத் தவணை சுமார் 8,764 ரூபாய் வரும். எந்த இ.எம்.ஐ. கால்குலேட்டரிலும் போட்டுப் பாருங்கள். சரி, ஃபிளாட் வட்டி, அதாவது கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து வருடத்துக்கு 50,000 வட்டி சேர்ந்து தவணை 9,167 ஆகும். இரண்டுமே 8,500 இல்லை. அப்படியானால் 8,500 எங்கிருந்து வந்தது? 5 லட்சத்தில் 2 சதவீதம் 10,000. அதை ஒரே ஒரு முறை கூட்டினால் 5,10,000. அதை 60-ஆல் வகுத்தால் சரியாக 8,500. ஐந்து வருடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வருட வட்டி. வங்கியில் தவணையைக் கணக்கிடுவது சாஃப்ட்வேர். அதில் தவணை இப்படி முழு எண்ணாக வந்து விழுவதே அபூர்வம். யாரோ கைபேசிக் கால்குலேட்டரில் தட்டி எழுதிய கடிதம் இது.

அந்த 2 சதவீதத்தையும் பாருங்கள். நீங்கள் பணம் போட்டு வைத்தால் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கே வங்கி அதைப்போலச் சில மடங்கு வட்டி தருகிறது. அதைவிடக் குறைத்து வெளியே கடன் கொடுத்தால் எந்த நிறுவனமும் நிற்காது. அடமானம் இல்லாத பர்சனல் லோனுக்குப் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கு மேல்தான் வட்டி இருக்கும். விதிவிலக்கும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அரசு வட்டி மானியம் தருகிற கடன்களில் வட்டி குறையும். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால் அவையெல்லாம் குறிப்பிட்ட தொழிலுக்கு, குறிப்பிட்ட ஆட்களுக்கு, வங்கிக் கிளை அல்லது சங்கம் வழியாகக் கிடைப்பவை. யாரென்றே தெரியாதவருக்கு, எதற்கென்றே கேட்காமல், மின்னஞ்சலில் தேடி வந்து யாரும் தருவதில்லை.

இப்போது கட்டணம். “பேங்க் பிராசஸிங் ஃபீஸ் வாங்குவதில்லையா?” என்று கேட்பீர்கள். வாங்குவோம். ஆனால் பர்சனல் லோனில் பெரும்பாலும் அதைக் கடன் தொகையிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போடுவோம். வீட்டுக் கடனில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே விண்ணப்பத்தைப் பதிய லாகின் ஃபீஸ், வக்கீல் கருத்துக்கு, இன்ஜினியர் மதிப்பீட்டுக்கு என்று முன்னாலேயே கொஞ்சம் பணம் கட்ட வேண்டியிருக்கும், கடன் கிடைக்காவிட்டால் அதில் பெரும்பகுதி திரும்பியும் வராது. ஆகவே ‘முன்பணம் கேட்டாலே மோசடி’ என்று சொல்வது முழுக்கச் சரியல்ல. சரியாகச் சொன்னால் இப்படி: நீங்கள் விண்ணப்பிக்காத கடனுக்கு, நேரில் பார்க்காத ஆளுக்கு, பணம் கைக்கு வருவதற்கு முன் எதையும் கட்டச் சொன்னால் அது மோசடி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரிசர்வ் வங்கியின் விதிகளும் இந்த இடத்தில் உங்கள் பக்கம் இருக்கின்றன. டிஜிட்டல் கடனுக்கு 2022 செப்டம்பரில் விதிமுறைகள் வந்தன. 2025 மே மாதம் அவற்றைத் திருத்தி ஒரே உத்தரவாகத் தொகுத்தார்கள். அதன்படி கடன் பணம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராகக் கடன் வாங்குபவர் கணக்குக்கு வர வேண்டும், இடையில் மூன்றாவது ஆளின் கணக்கு நுழையக்கூடாது. இடைத்தரகருக்குக் கமிஷன் இருந்தால் அதை நிறுவனம்தான் கொடுக்க வேண்டும், உங்களிடம் நேரடியாக வசூலிக்கக்கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் சில்லறைக் கடன், சிறுதொழில் கடன் எல்லாவற்றுக்கும் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற ஒரு தாளைக் கையெழுத்துக்கு முன்பே, கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். வட்டி, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த மொத்த வருடாந்திரச் செலவு, தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமின்றி வசூலிக்க முடியாது. உங்களுக்கு வந்த ‘சாங்ஷன் லெட்டரில்’ இப்படி ஒரு பக்கமும் இல்லை. இருந்திருந்தாலும் அதை மட்டும் வைத்து நம்பியிருக்கக்கூடாது. லெட்டரைப் போலியாக அடித்தவனுக்கு இதையும் அடிக்கத் தெரியும்.

“2,850தானே” என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தொகை 2,850-ஓடு நிற்பதில்லை. புகார் கொண்டு வருகிறவர்கள் சொல்கிற கதை கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் இருக்கும். ஃபைல் சார்ஜ் கட்டிய மறுநாள் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கேட்பார்கள், கட்டாயம் என்பார்கள், ‘ரீஃபண்டபிள்’ என்பார்கள். அப்புறம் ஜி.எஸ்.டி. அப்புறம் டி.டி.எஸ். (வருமானத்தில் முன்கூட்டியே பிடிக்கிற வரி). அப்புறம் “ரிசர்வ் வங்கி என்.ஓ.சி.” (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) என்று ஒன்று. கடைசியில், “நீங்கள் கொடுத்த அக்கவுண்ட் நம்பரில் ஒரு எண் தப்பு, பணம் நடுவில் நிற்கிறது, அபராதம் கட்டினால்தான் விடுவிப்போம்” என்று ஒரு போன் வரும். ஒவ்வொரு தடவையும், இதற்கு முன் கட்டியதெல்லாம் வீணாகிவிடுமே என்ற பயத்தில்தான் மனிதர்கள் அடுத்ததைக் கட்டுகிறார்கள். படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள்கூட இப்படிக் கட்டியிருக்கிறார்கள், அதனால் மாட்டிக்கொண்டவர்களை ஏமாளி என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த வரிசையில் வருகிற வரிகளைப் பற்றி மட்டும் நிச்சயமாகத் தெரிந்துகொள்ளுங்கள். கடன் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கடன் வட்டிக்கும் கிடையாது. பிராசஸிங் கட்டணத்துக்கு மட்டும் 18 சதவீதம் உண்டு. 2,850-க்கு என்றால் 513 ரூபாய், அவ்வளவுதான். 5 லட்சத்துக்கு 18 சதவீதம் என்று 90,000 கேட்டால் அது வரி அல்ல. கடன் என்பது வருமானமே இல்லை, அதனால் அதை வாங்கும்போது உங்களிடம் டி.டி.எஸ். பிடிக்க வழியே இல்லை. தனிநபர் கடனுக்கு ரிசர்வ் வங்கி என்.ஓ.சி. கொடுப்பது என்ற வழக்கமும் இல்லை. ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்குச் சேமிப்புக் கணக்கோ நடப்புக் கணக்கோ திறப்பதில்லை, கடன் கொடுப்பதில்லை, கட்டணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதும் இல்லை.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. “அந்தக் கட்டணத்தைக் கடனிலேயே பிடித்துக்கொண்டு மீதியைப் போடுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான நிறுவனத்துக்கு அது தினசரி நடக்கிற வேலை. மோசடிக்காரனோ “சிஸ்டம் ஒத்துக்கொள்ளாது”, “ரூல் இல்லை”, “இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் ஃபைல் கேன்சல்” என்று ஏதாவது சொல்வான். ஆனால் இதைச் சொல்வதற்காக அவனுக்கு நீங்களாக போன் பண்ண வேண்டாம். பேசப் பேச அவன் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் அதிகம்.

பான் எண் எப்படிச் சரியாக இருந்தது என்பதுதான் உங்களை அசைத்த விஷயம். கடன் ஒப்பிட்டுக் காட்டும் இணையதளம், எப்போதோ போட்டுவிட்டு அழித்த லோன் ஆப், சிம் வாங்கக் கொடுத்த நகல், ஜெராக்ஸ் கடை என்று பான் எண் கசிகிற வழிகள் நிறைய. கடன் தேடுகிறவர்களின் பெயர், கைபேசி எண், பான் எண் அடங்கிய பட்டியல்கள் கைமாறுகின்றன. உங்களுடையது இதில் எந்த வழியாகப் போனது என்று யாரும் ஊகிக்கத்தான் முடியும். ஒன்று மட்டும் நிச்சயம்: பான் எண் ரகசியம் இல்லை. அதைத் தெரிந்து வைத்திருப்பதால் ஒருவர் வங்கிக்காரர் ஆகிவிட மாட்டார். சமீபத்தில் எங்கேயாவது கடனுக்கு விசாரித்திருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். விசாரித்த சில நாட்களுக்குள் இப்படி மின்னஞ்சல் வந்தால் “நாம் கேட்டதுதான் வந்திருக்கிறது” என்று மனது தானாகவே இணைத்துக்கொள்ளும்.

அனுப்பியவரின் முகவரியைப் பார்க்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள், எப்படி என்று சொல்வதில்லை. கைபேசியில் ஜிமெயில் முதலில் காட்டுவது பெயரை மட்டும்தான், அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயருக்குக் கீழே இருப்பதைத் தொட்டு விரித்தால் முழு முகவரி தெரியும். நிறுவனத்தின் பெயர் ‘அட்’ குறிக்கு முன்னால் இருந்து, பின்னால் ஜிமெயில் டாட் காம் என்று இருந்தால் அங்கேயே முடிந்தது. பின்னால் நிறுவனத்தின் பெயர் மாதிரியே இருந்தாலும் நடுவில் ஒரு கோடு, கூடுதலாக ‘லோன்ஸ்’, ‘இந்தியா’, ‘கேர்’ என்று ஒட்டு போட்டிருந்தால் அது வேறு முகவரி. அனுப்பிய முகவரி ஒன்று, பதில் போட்டால் போகும் முகவரி வேறொன்று என்றிருப்பதும் கெட்ட அறிகுறி.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஷோ ஒரிஜினல்’ கொடுத்தால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு வரும். இதில் ‘பாஸ்’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மின்னஞ்சல் அந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த முகவரிக்காரர் யோக்கியரா என்று சொல்லாது. மோசடிக்காரன் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் மூன்றுமே ‘பாஸ்’ ஆகும். மறுபக்கம், நல்ல மின்னஞ்சலை யாராவது ஃபார்வர்டு செய்தால் அதில் சில ‘ஃபெயில்’ ஆகலாம். ஆகவே இதைத் துணை ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

சமீபத்தில் உறுதியான அடையாளம் ஒன்று சேர்ந்திருக்கிறது. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் இணையதளத்தை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகிற முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரியை ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் மட்டுமே, வங்கிகளுக்கு மட்டுமே பதிவு செய்து தருகிறது. ஆகவே அப்படி முடிகிற இணையதளம் என்றால் பின்னால் இருப்பது வங்கிதான் என்று நம்பலாம். கவனம், முகவரியின் கடைசியில் இருக்க வேண்டும். நடுவில் ‘பேங்க் டாட் இன்’ என்று வைத்துவிட்டு, கடைசியில் வேறு எதிலோ முடிகிற முகவரிகளும் செய்ய முடியும். அப்புறம், உங்களுக்கு எழுதியதாகச் சொல்வது வங்கி அல்ல, நிதி நிறுவனம். அவற்றுக்கு இந்த அடையாளம் பொருந்தாது, அதனால் அது இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்டவும் முடியாது.

எழுத்துப்பிழை என்ற பழைய அடையாளத்தை மறந்துவிடலாம். ஒரு காலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி என்பவர் ஒரு சுவையான வாதத்தை வைத்தார்: மோசடி மின்னஞ்சல்கள் அபத்தமாக இருப்பதே லாபம், சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிவிடுவார்கள், மிஞ்சுகிறவர்களிடம் மட்டும் நேரம் செலவழித்தால் போதும் என்று. இன்று நல்ல ஆங்கிலமும் நல்ல தமிழும் எழுதித்தரக் கருவிகள் இருக்கின்றன. பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள். பிழை இல்லை என்பதற்காக நம்பாதீர்கள்.

சாங்ஷன் லெட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கடிதங்களில் உண்மையானதைவிட அதிகமான அலங்காரம் இருக்கும். ஊதா நிற வட்ட முத்திரை, பச்சையில் சாய்வாக ‘அப்ரூவ்டு’, அசோகச் சின்னம், ரிசர்வ் வங்கி முத்திரை, மேலாளரின் அடையாள அட்டைப் படம், சிலவற்றில் பிரதமர் படம். நாங்கள் கொடுக்கிற சாங்ஷன் லெட்டர் பார்க்கவே அலுப்பாக இருக்கும். பக்கம் பக்கமாக நிபந்தனை, கீழே ஒரு கையெழுத்து. தனியார் நிறுவனக் கடிதத்தில் ரிசர்வ் வங்கி முத்திரைக்கோ அசோகச் சின்னத்துக்கோ வேலையே இல்லை. முத்ரா பெயரில் வரும் போலிக் கடிதங்களும் இதே ரகம். பிரதமரின் முத்ரா என்ற சிறுதொழில் கடன் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது, திட்டம் உண்மை. ஆனால் முத்ரா என்ற அமைப்பு தனிநபருக்கு நேரடியாகக் கடன் தருவதில்லை, தனக்கென ஏஜென்டும் வைத்துக்கொள்ளவில்லை. கொடுப்பது வங்கியும் நிதி நிறுவனமும்தான்.

நிறுவனத்தின் பெயரை ரிசர்வ் வங்கியின் பட்டியலில் தேடிப் பார்த்தேன், இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நல்ல வேலைதான், ஆனால் பாதி வேலை. பெயர் இல்லாவிட்டால் கதை முடிந்தது. இருந்தால், அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். உங்களுக்கு எழுதியது அவர்கள்தான் என்று அர்த்தமில்லை. நல்ல பெயரைத் திருடினால்தானே வியாபாரம் நடக்கும். மீதிப் பாதி இது: மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கோ, கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடினால் வருகிற எண்ணுக்கோ அல்லாமல், ரிசர்வ் வங்கிப் பட்டியலில் உள்ள முகவரி வழியாகவோ நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போயோ கேளுங்கள். திருப்பூரில் கிளை இல்லாத பெரிய நிதி நிறுவனம் குறைவு. கடிதத்தைக் கைபேசியில் காட்டினால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

பணம் எந்தக் கணக்குக்குக் கேட்கிறார்கள் என்பது இன்னொரு நல்ல அடையாளம். யு.பி.ஐ. எண்ணைப் போட்டதும் திரையில் பெயர் வரும். இப்போது நெட்பேங்கிங்கில் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும்போதும் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதி வந்துவிட்டது. நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு ஆளின் பெயர் வந்தால், “அவர் எங்கள் கேஷியர்” என்று சமாளிப்பார்கள். எந்த நிறுவனமும் கேஷியரின் சொந்தக் கணக்கில் கட்டணம் வாங்காது. அந்தப் பெயர் மோசடிக்காரனுடையதாகக்கூட இருக்காது. கமிஷனுக்காகத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவருடையது. ஆனால் பெயர் நிறுவனம் மாதிரி வந்துவிட்டால் நல்லது என்றும் எண்ண வேண்டாம், லெட்டர்பேடு கம்பெனி பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறப்பதும் நடக்கிறது.

இணைப்பில் வருகிற ஏ.பி.கே. கோப்பை (ஆப்பை நிறுவுகிற கோப்பு) மட்டும் எக்காரணம் கொண்டும் கைபேசியில் ஏற்றாதீர்கள். 2,850 போவதோடு நிற்காது, ஓ.டி.பி. குறுஞ்செய்திகளே அவன் கைக்குப் போய்விடலாம். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் பதற்றத்தில் மறந்துபோகிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், இப்போதே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். யு.பி.ஐ. பரிமாற்றத்தின் 12 இலக்க எண், தேதி, நேரம், பெற்ற கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பணம் அந்தக் கணக்கிலேயே இருந்தால் முடக்கி வைக்க முடியும். அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிட்டால் கஷ்டம். திரும்பக் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பொறுப்பும் வங்கியுடையது என்ற ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையைப் பலர் இங்கே காட்டுவார்கள். அது உங்களுக்குத் தெரியாமல், உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு. நீங்களே பின் போட்டு அனுப்பியதற்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

ஆதார், பான் நகல் மட்டும் அனுப்பியிருந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். சில வாரம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து, நீங்கள் வாங்காத கடன் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். “கேன்சல் செய்தால் கேஸ் போடுவோம், சிபில் கெட்டுவிடும்” என்று மிரட்டினால் கண்டுகொள்ளாதீர்கள். கடனே கொடுக்காத இவர்களால் உங்கள் சிபிலில் எதையும் ஏற்ற முடியாது. இன்னொன்று, ஏமாந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று சில நாளில் வேறொருவர் கூப்பிடுவார். பெரும்பாலும் அதே கூட்டம்தான், அவரும் முதலில் ஒரு கட்டணம் கேட்பார்.

கடைசியாக உங்கள் ஓவர்லாக் மிஷின். அதற்கு பர்சனல் லோனே தேவையில்லை. கணக்கு வைத்திருக்கிற வங்கிக் கிளைக்குப் போய் முத்ரா கடன் கேளுங்கள். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், அடமானம் கிடையாது. வட்டி 2 சதவீதமாக இருக்காது. மிஷின் விற்பவரிடம் கொட்டேஷன், உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான பதிவு, அரசுத் தளத்தில் இலவசம், அதற்கும் காசு கேட்கும் போலித் தளங்கள் உண்டு), ஒரு வருட பேங்க் ஸ்டேட்மென்ட், கடை வாடகை ஒப்பந்தம், ஜாப் ஒர்க் பில்கள் இருந்தால் அவை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்தோடு கூடிய திட்டங்களையும் விசாரியுங்கள். மாத முதல் வாரத்தில் கிளையில் கூட்டம் அதிகம் இருக்கும், பத்தாம் தேதிக்கு மேல் காலையிலேயே போனால் மேலாளர் உட்கார்ந்து பேசுவார்.